கதவடியில் வந்த தண்ணீர்

பக்கிரிசாமி இராமலிங்கத்துக்கு எண்பது வெள்ளி கடன்பட்டிருந்தார். நாகப்பட்டினத்திலிருந்து பெண்டாட்டி புஷ்பவல்லிக்குக் கப்பல் சீட்டு எடுக்கவும், அவள் வந்து இறங்கியதும் குடித்தனம் வைக்கவும் வாங்கிய பணம். கடலுக்கு இந்தப் பக்கம் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றுக்கும் ரயில் மேட்டுக்கும் நடுவே, செங்கல்லுக்கு மண் வெட்டி எடுத்த பள்ளத்தில் பயாஸ்கோப் கூடாரம் போட்டிருந்தவர் இந்த இராமலிங்கம். கடன் தீரும்வரை வேறு எந்தக் கொட்டகையிலும் வாய் திறக்கக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் நடுவே இருந்த பேச்சு.

வாய்தான் பக்கிரிசாமியின் பிழைப்பு. அந்தக் காலத்துப் படம் பேசாது. வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் வாயை வாயை அசைப்பார்கள், நடுவில் இங்கிலீஷ் எழுத்து வந்து நிற்கும். திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொன்னால்தான் ரயில்வே கூலிக்கும் காளவாய்க் கூலிக்கும் விளங்கும். பக்கிரிசாமிக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான். அதனால் என்ன குறைந்துபோயிற்று? அவருக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவர்கள் இரண்டாம் நாளே கச்சான் கடலைத் தோலால் அடி வாங்கி இறங்கினார்கள். இவர் நாலு வருஷம் நின்றார். சம்மட்டி தூக்கிய ஆள், ஒருத்தன் தயவும் இல்லாமல் சொந்தத் தொண்டையை வைத்து மேலே வந்தவர். கடைசிப் பாயில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் அவர் மூச்சு விடுவது கேட்கும்.

அந்த மழைக்காலத்தில் வந்த ஒரு படம் ஊரையே பிடித்துக்கொண்டது. கதை பெரிய கதை இல்லை. ஆற்றங்கரை வீட்டில் ஒருத்தி கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். மேலே எங்கேயோ அணை உடைகிறது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் சாத்தின கதவு. அந்தக் கதவடியில் கறுப்பாக ஒரு கோடு. கோடு நீளுகிறது. தரையில் மெதுவாக ஊர்ந்து வந்து தொட்டில் காலைத் தொடுகிறது. அவள் மாவு பிசைகிறாள்.

பக்கிரிசாமி அந்த வெள்ளைக்காரிக்குச் சீதாலெட்சுமி என்று பேர் வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும் குரலை இறக்குவார். "சீதாலெட்சுமி... அம்மா தாயே... தண்ணி வருதும்மா, திரும்பிப் பாரும்மா..." திரைக்குப் பின்னால் ஓர் ஆள் தகர டின்னில் கூழாங்கல்லை உருட்டுவான். இருட்டுக்குள் வெள்ளச் சத்தம் அப்படியே எழும்பும்.

கூடாரம் மொத்தமும் கத்தும். பாசாரில் மீன் விற்கிற வீரம்மா முதல் பாயில் எழுந்தே நின்றுவிடுவாள். "அடி பாவி! மாவு எங்கேயும் ஓடிப்போகாதுடி, திரும்பிப் பாருடி!"

"உக்காருக்கா, அவளுக்குத் தமிழ் தெரியாது!" என்பான் பின்னால் ஒருத்தன்.

"உனக்குந்தான் தெரியல, நான் உன்னையா திட்டினேன்? வாய மூடு."

சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் செத்துப்போகும். எல்லார் கண்ணும் கதவடியிலேயே இருக்கும். சண்டைக் காட்சியை ஜனங்கள் மறந்தார்கள், ராஜா ராணி வேஷத்தை மறந்தார்கள், இதை மட்டும் ஏன் மறக்கவில்லை என்று பக்கிரிசாமிக்கு நன்றாகத் தெரியும். வருவது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. எவ்வளவு கத்தினாலும் நம் சத்தம் அவள் காதில் விழாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால், நம் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறதோ என்று இருக்கும்.

கடனில் பன்னிரண்டு வெள்ளி பாக்கி நின்ற சமயம், கிள்ளானில் புதிதாகக் கட்டிய கொட்டகைக்காரர் மாதச் சம்பளம் பேசி ஆள் அனுப்பினார். பக்கிரிசாமி இராமலிங்கத்திடம் போய் நின்றார்.

"போலாம், யாரு வேணாம்னா?" என்றார் இராமலிங்கம். "நாளைக்கு ரயில்வேயில சம்பளம். கூடாரம் நெறஞ்சிரும். படம் கடைசி வரைக்கும் ஓடணும், ஒருத்தனுக்கும் டிக்கெட் காசு திருப்பித் தரக் கூடாது. அப்படி ஓட்டிக் குடுத்தா அந்தப் பன்னெண்ட நான் கேக்கல. நடுவுல நின்னுச்சு, நஷ்டமும் உன் தலையிலதான். சரியா?"

"சரி தவுக்கே." முதலாளிகளுக்கு அந்த ஊரில் அதுதான் பேர்.

மறுநாள் மூன்றாவது நாளாக மழை. பொழுது சாயும்போது பக்கிரிசாமி ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தார். தண்ணீர் காப்பி நிறத்தில், சத்தமே இல்லாமல், கரைக்கு ஒரு முழம் கீழே போய்க்கொண்டிருந்தது. ஒரு கோழிக்கூண்டு மிதந்து போயிற்று. உள்ளே கோழி இருந்தது.

"தவுக்கே, இன்னிக்கு வேணாம்னு தோணுது."

"உனக்குக் கிள்ளானு வேணாம்னா சொல்லு."

பக்கிரிசாமி போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார். இருட்டுவதற்குள் ஜனங்கள் வந்து நிறைந்துவிட்டார்கள், பிள்ளைகுட்டிகளோடு. கூடார வாசல் ஆற்றுப் பக்கம். திரை ரயில் மேட்டுப் பக்கம். எல்லாருக்கும் வாசல் முதுகுக்குப் பின்னால்.

படம் ஓடியது. ஜெயராஜ் மிஷின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அணை உடைந்தது, சீதாலெட்சுமி மாவை எடுத்தாள், கதவடியில் கோடு வந்தது. சத்தமும் எழும்பியது. பக்கிரிசாமி வழக்கம்போலக் குரலை இறக்கினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூழாங்கல் உருட்டுகிறவன் மழைக்குப் பயந்து அன்றைக்கு வரவே இல்லை.

திரை வெளிச்சத்தில் ஜனங்களின் முகங்களைத் தாண்டிப் பார்த்தார். வாசல் படுதாவுக்கு அடியில் கறுப்பாக ஒரு கோடு. கோடு நீண்டது. கடைசிப் பாயின் ஓரத்தைத் தொட்டது. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

"தண்ணி வருது!" என்று கத்தினார். "திரும்பிப் பாருங்க! தண்ணி!"

கூடாரம் அதிர்ந்தது, கைதட்டலில். "இன்னிக்கு அண்ணன் பிச்சு உதறுறாருடா!" என்று ஒரு குரல். வீரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்து, "சொல்றாருல்லடி, திரும்பேன்!" என்றாள். பாய் நனைந்த கடைசி வரிசைக்காரன்கூட மழை ஒழுகுகிறது என்று காலை மடக்கிக்கொண்டானே தவிரக் கண்ணை எடுக்கவில்லை.

நாலு வருஷமாக இந்தக் குரலை வைத்து இவர்களைக் கட்டிப்போட்டவர் அவர்தான். இப்போது அந்தக் குரல் எதைச் சொன்னாலும் அது கதை. விளக்கை அணைத்தால் இருட்டில் மிதித்தே பாதிப் பேர் போவார்கள். டிக்கெட் மேஜையில் இராமலிங்கம் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஓட்டு, ஓட்டு என்று கையை ஆட்டினார். இன்னும் ஒரு ரீல். அதைச் சொல்லி முடித்துவிட்டால் கிள்ளான்.

அந்த ஒரு ரீலை அவர் சொல்லவில்லை. பாய்களைத் தாண்டி மிஷினிடம் ஓடினார்.

"ஜெயராஜ், மேஜையைத் திருப்பு!"

"எங்கண்ணே?"

"வாசப்பக்கம்! கைய மட்டும் நிறுத்தாத, ஃபிலிம் பத்திக்கும்!"

தோளைக் கொடுத்துத் தள்ளினார். மேஜை கிறீச்சிட்டுத் திரும்பியது. சீதாலெட்சுமி திரையை விட்டு நழுவினாள். கூடாரத் துணி மேலே, மூங்கில் மேலே, ஜனங்கள் தலைக்கு மேலே, மாவு பிசைந்தபடியே ஊர்ந்து போனாள். அவளை விட மனமில்லாத அத்தனை கழுத்தும் அவள் பின்னாலேயே திரும்பியது. அவள் வாசல் படுதாவில் போய் நின்றாள். அவள் இடுப்புக்குக் கீழே வெளிச்சம் பளபளத்து ஆடியது. துணி இல்லை. தண்ணீர்.

கடைசி வரிசை எழுந்து நின்றது.

"திரையைக் கிழிங்க! மேட்டுக்கு ஏறுங்க! பிள்ளைங்க முன்னால!" அந்தத் தொண்டை இப்போதுதான் வேலைக்கு ஆனது. வீரம்மா மீன் கத்தியை இடுப்பிலிருந்து உருவித் திரையை மேலிருந்து கீழே கிழித்தாள். கிழிசல் வழியாக ஜனங்கள் ரயில் மேட்டுக்கு ஏறினார்கள். ஜெயராஜ் முழங்காலளவு தண்ணீரில் நின்று கடைசி ஆள் ஏறும்வரை சுற்றிக்கொண்டே இருந்தான். அவன் விளக்கை அணைத்துக் கையை விட்டதும் வெளிச்சம் போயிற்று. பின்னால் கூடாரம் சாய்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

ஓர் உயிரும் போகவில்லை. மிஷின் போயிற்று, படம் போயிற்று. பொழுது விடிந்தபோது மேட்டில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த வீரம்மா கேட்டாள், "ஏண்ணே, அவ திரும்பினாளா?"

பக்கிரிசாமி வேட்டி நுனியைப் பிழிந்தார்.

இராமலிங்கம் நன்றி சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. "பன்னெண்டு, டிக்கெட் காசு முப்பது, மிஷினுக்கு எம்பது" என்று மட்டும் சொன்னார். கடன் தீரவில்லை என்று கிள்ளான்காரரிடமும் போய்ச் சொல்லிவைத்தார். அந்த வேலை வேறொருவனுக்குப் போயிற்று. பக்கிரிசாமி மறுபடி தண்டவாளத்தில் சம்மட்டி தூக்கினார். சாயங்காலங்களில் ரயில்வே கூலிகள் குடியிருந்த லயங்களில் கூப்பிட்டுக் கேட்பார்கள், "அந்தக் கதவுக் கட்டத்தை மட்டும் சொல்லுங்கண்ணே." திரை இல்லை, வெளிச்சம் இல்லை. சொல்வார். கேட்பவர்கள் நடுவிலேயே ஒவ்வொருவராகத் திரும்பி வாசலைப் பார்ப்பார்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பிற்காலத்தில் எங்கே வீடு பிடித்துப் போனாலும், மழை பிடித்தால் கதவடியில் சாக்கைத் திணித்துவிட்டுத்தான் படுப்பார்கள். பக்கிரிசாமியும் அப்படித்தான்.

இரண்டு வருஷம் கழித்து, இன்னொரு மழைக்காலத்தில், அவர் இராமலிங்கம் வீட்டு வாசலில் போய் நின்றார். இராமலிங்கம் வெளியே வந்து கையை நீட்டினார். உட்காரச் சொல்லவில்லை. தெருவோரச் சாக்கடை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பக்கிரிசாமி மடியை அவிழ்த்தார். நோட்டுகளை முதலில் வைத்தார். பிறகு வெள்ளிக் காசுகளை, கடைசிக் காசு வரைக்கும், வாய்விட்டு எண்ணி, விரிந்திருந்த அந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்தார்.