ஸ்லைட்டுக்கு அடியில் போன கை

அந்தக் கேரவனுக்குள் முதன்முதல் ஏறியபோது, கதவிலிருந்து இரண்டாவது அடியிலேயே என் கால் தரைக்குள் போனது. முழங்கால் வரை. உடைந்த பிளைவுட்டின் விளிம்பு காற்சட்டையைக் கிழித்து, கெண்டைக்காலில் ஒரு சாண் நீளத்துக்குத் தோலை உரித்துவிட்டது. பின்னால் நின்ற ஃபோர்மன் சிரித்தார்.

"ஏ சிலோன், ஒன் எடைக்கே ஒடைஞ்சு போச்சு. அரபி புள்ளகுட்டியோட ஏறினா என்னாவுறது?"

ஷார்ஜா தொழிற்பேட்டையில் கேரவன் திருத்தும் ஒரு யார்டில் அப்போது எனக்கு நான்காவது வருடம். நான் யாழ்ப்பாணத்துத் தச்சன். ஃபோர்மன் சிவகங்கைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், வளைகுடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். அந்த வேலைக்கு எங்களோடு மூன்றாவதாக ஓர் எலெக்ட்ரீஷியன் இருந்தார். பதுளையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முவைலாப் பகுதியில் என் ரூமில்தான் தங்கியிருந்தார், எனக்கு மேல் கட்டில்.

கேரவன் ஒரு பஸ் நீளத்துக்கு இருந்தது. அமெரிக்காவில் செய்தது. நிறுத்திவைத்து ஸ்விட்சை அமத்தினால் அறையின் ஒரு பக்கம், சோபா மேசையோடு, மோட்டாரில் வெளியே நகர்ந்து போய் இடம் இரண்டு மடங்காகும். திரும்ப அமத்தினால் உள்ளே வந்துவிடும். அதைத்தான் ஸ்லைட் என்போம். சொந்தக்காரரான அரபி குளிர்காலத்தில் குடும்பத்தோடு பாலைவனத்தில் போய்த் தங்குவார். திரும்பி வந்ததும் மணலைப் போக்க உள்ளே ஹோஸ் பிடித்துக் கழுவியிருக்கிறார்கள். ஸ்லைட்டின் ஓரத்து ரப்பர் கிழிந்திருந்ததால் அதன் வழியாகவும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேலே வைனில் விரிப்பு பளபளவென்று இருக்க, அடியில் பலகை முழுவதும் ஊறி அழுகிப் போயிருந்தது.

தரையைப் பிடுங்குவதற்கு மூன்று நாள் ஆனது. ஓகஸ்ட் மாதம். ஷெட்டுக்குள் நின்றதால், வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கும் மத்தியான ஓய்வும் எங்களுக்குக் கிடையாது. விரிப்பைக் கத்தியால் நீளநீளமாகக் கிழித்தோம். அடியில் விரல் அகலத்துக்கு ஒன்றாக ஸ்டேப்பிள் ஆணிகள் இருந்தன. கடப்பாறையைக் கொடுத்து நெம்பினால் நல்ல பலகை வெடித்துச் சிதறும், அழுகியது சேறுபோல் பிய்ந்து வரும். செத்த எலிகள் இரண்டு வந்தன. கறுப்புப் பூஞ்சணத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் அடைத்து, துப்பினால் கரியாக வந்தது. ஆணி கீறாத இடம் என் கைகளில் இருக்கவில்லை. எங்கள் எல்லோரையும்விட வெறிபிடித்து வேலை செய்தவர் ஃபோர்மன்தான். முழந்தாளில் நின்று வெறுங்கையால் பலகையைப் பற்றி இழுத்து, முறியும்போது கெட்ட வார்த்தை ஒன்று சொல்வார். பலகை அவருக்கு ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி.

அதே கையால்தான் ஆட்களையும் அடிப்பார். பிடரியில் ஒன்று வைப்பார். அளவு நாடாவை முகத்தில் எறிவார். பெயின்ட் அடிக்கும் வங்காளி ஒருவரின் காலைப் பார்த்து ஒருமுறை சுத்தியலை விட்டெறிந்தார். கால் ஒரு விரல் இடைவெளியில் தப்பியது. வேலை போய்விடும் என்று யாரும் வாய் திறப்பதில்லை. நானும் திறக்கவில்லை. என்னை அவர் அதுவரை கையால் தொட்டதில்லை, அது எனக்குப் போதுமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்காம் நாள் புதுப் பலகை போடத் தொடங்கினோம். ஐந்தாம் நாள் காலை, குளியலறைப் பக்கத்தில் மிஞ்சியிருந்த பழைய துண்டை வெட்டச் சொன்னார். எனக்கு அந்த இடம் சந்தேகமாக இருந்தது.

"அண்ணை, இதுக்குக் கீழ தண்ணிக் குழாய் ஓடுது போல கிடக்கு. ஒருக்காப் பாத்துப்போட்டு வெட்டுவம்."

"பாத்துக்கிட்டே இருந்தா அரபி வந்து நம்மளப் பாத்துருவான். யல்லா, வெட்டுடா!"

வெட்டினேன். மரமறுக்கும் வாளின் பல் குழாயில் ஏறியது. கேரவனுக்குத் தண்ணீர் இணைப்புக் கொடுத்திருந்ததால் பீச்சி அடித்தது. முதல் நாள் முழுவதும் ஒட்டி, ஆணி அடித்து, சீராக்கிய புதுத் தரை மேல் வெள்ளமாகப் பரவியது. எலெக்ட்ரீஷியன் ஓடிப் போய் வெளியே தண்ணீர் இணைப்பை மூடினார். அந்த நேரம் பார்த்துச் சொந்தக்காரர் கதவடியில் வந்து நின்றார். வெள்ளைக் கந்தூரா அங்கியோடு, கையில் சாவிக் கொத்தோடு.

ஃபோர்மன் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விரித்த கையால் என் கன்னத்தில் அறைந்தார். ஒரு பக்கக் காது அடைத்து, கீ என்று கூவியது. நிலை தடுமாறி ஈரத்தில் விழுந்தேன். எழும்பியபோது இன்னொன்று, இந்த முறை புறங்கையால். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

"கலாஸ், கலாஸ்," என்றார் சொந்தக்காரர், போதும் என்று. முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எனக்கு அடி புதிதல்ல. யுத்தம் முடிந்து முகாமில் இருந்த மாதங்களில் வாங்கியிருக்கிறேன். அப்போது எனக்குக் கோபம் வந்ததில்லை. பயத்தில் வேறு எதற்கும் இடமிருக்கவில்லை. இப்போது பயம் வரவில்லை. வாயில் இருந்த இரத்தத்தை விழுங்கிவிட்டு, பழந்துணி எடுத்துத் தரையைத் துடைத்தேன். எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் குந்தியிருந்து, "விடுங்க, விடுங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே அவரும் துடைத்தார். சாப்பாட்டு நேரத்தில் என் பொதியை நான் பிரிக்கவில்லை. ஒன்றையும் திட்டமிடவும் இல்லை. நாற்காலியில் இருந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

சாப்பிட்டு வந்து ஸ்லைட்டின் ஓரத்தைப் பிடித்தோம். அதுதான் கஷ்டமான இடம். ஸ்லைட்டின் தரை, அடியில் இரும்புச் சட்டத்தோடு, அறையின் தரைக்கு மேலாக ஏறி உள்ளே வரும். அதனால் அந்த ஓரத்தில் புதுப் பலகையைச் செருக வேண்டுமானால் ஸ்லைட்டை வெளியே தள்ளி வைத்து, கீழே உள்ள இடுக்கில் கை விட்டுப் பழைய அழுகலைச் சுரண்டி எடுக்க வேண்டும். தானாக உள்ளே வராமல் தடுக்க இரண்டு பூட்டுச் சட்டங்கள் உண்டு. அவை வேலைக்கு இடைஞ்சல் என்று ஃபோர்மன் காலையிலேயே கழற்றி ஒரு மூலையில் போட்டிருந்தார். ஸ்விட்சுப் பெட்டியும் சுவரிலிருந்து கழற்றப்பட்டு, வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கதவுப் படியில் நிற்கும்படி என்னிடம் சொன்னார். அதில் இரண்டு பக்கம். ஒன்றில் அம்புக்குறி வெளியே பார்த்திருக்கும், மற்றதில் உள்ளே.

அவர் குப்புறப் படுத்து, வலது கையை முழங்கை தாண்டி இடுக்குக்குள் விட்டார். எனக்கு அவருடைய செருப்புக் கால்களும் முதுகும் தெரிந்தன.

"சிலோன், இன்னும் ரெண்டு வெரக்கடை வெளிய தள்ளு."

நான் உள்ளே வரும் பக்கத்தை அமத்தினேன்.

கை தவறவில்லை. அம்புக்குறியைப் பார்த்தேன், பெருவிரலை அதன்மேல் வைத்தேன், அமத்தினேன். மோட்டார் உறுமியது. சோபாவோடு அந்தச் சுவர் முழுவதும் உள்நோக்கி நகர்ந்தது. ஒரு விநாடி அவருக்கு விளங்கவில்லை. பிறகு "டேய்!" என்றார். பிறகு வந்தது சொல்லே இல்லை. காய்ந்த மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் விரலை எடுத்தேன். இரண்டு விநாடி இருக்கலாம், மூன்று இருக்கலாம்.

எலெக்ட்ரீஷியன் பாய்ந்து வந்து என் கையிலிருந்து ஸ்விட்சைப் பறித்தார். பறிக்கும்போது என் பெருவிரல் இருந்த இடத்தையும் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். வெளியே தள்ளும் பக்கத்தை அமத்தினார். மோட்டார் ஒருமுறை முனகி நின்றுபோனது. ஃபியூஸ் போய்விட்டது.

"நிக்காதீங்க! பலகைய ஒடைங்க! கீழ்ப்பக்கமா கைய எடுக்கணும்!" என்று கத்தினார்.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உணர்வு வந்தது. இரும்புச் சட்டத்துக்கும் நாங்கள் போட்ட புதுப் பலகைக்கும் நடுவே கை அகப்பட்டிருந்தது. பலகையை எடுத்தால் கை கீழே இறங்கும். கடப்பாறையை எடுத்து என் சொந்த வேலையின் மேல் இறக்கினேன். புதுப் பலகை, நல்ல பசை, நானே நெருக்கி முடுக்கிய திருகாணிகள். உடையவே மாட்டேன் என்றது. அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று நான் ஓங்கி ஓங்கிக் குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் அவர் அலறினார். முதலில் என் அம்மாவைத் திட்டினார், பிறகு தன் அம்மாவைக் கூப்பிட்டார், பிறகு ஒன்றும் இல்லை. வாயைத் திறந்து வைத்து மூச்சு மட்டும் விட்டார். இரத்தம் வெள்ளைப் பலகையில் பரவி, பலகைப் பொருத்தின் இடுக்கில் இறங்கியது. எலெக்ட்ரீஷியன் கட்டரால் ஓரத்தை அறுத்தார். கடைசியில் ஒரு துண்டு பிளந்து கொடுத்தது. கையை வெளியே எடுத்தோம். அது கை மாதிரி இருக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வரும் வரை என் சட்டையைக் கழற்றி அவர் புயத்தில் இறுக்கிக் கட்டிப் பிடித்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் போலீஸ் வந்தது. ஹிந்தியில் கேட்டார்கள். எலெக்ட்ரீஷியன் தான் வெளியே வயர் சுற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நான், "அவர் தள்ளச் சொன்னார், அமத்தினேன்" என்றேன். எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரூமுக்குத் திரும்பும் பஸ்ஸில் எலெக்ட்ரீஷியனிடம், "நீங்க பாத்தனீங்கள்தானே?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் பாக்கல. இனிமே இதப்பத்தி எங்கிட்ட பேசாதீங்க," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்கை எலும்பு இரண்டும் முறிந்து, கம்பி வைத்திருந்தார்கள். இரண்டு விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஃபோர்மன் தலையணையில் சாய்ந்து இடது கையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம் வாயில் வரவில்லை.

"அண்ணை, நான் வேணுமெண்டுதான் அமத்தினனான்."

அவர் கோப்பையை வைத்தார். "தெரியும்."

"போலீசிட்டச் சொல்லுங்கோ. நான் மறுக்க மாட்டன்."

"சொல்லியாச்சு. நாந்தான் வெளியன்னு சொல்றதுக்குப் பதிலா உள்ளன்னு சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஒனக்காகன்னு நெனைக்காத. பூட்டுச் சட்டத்தக் கழட்டினது நானு. கிண்டினா எனக்கும் வேல போயிரும், ஒனக்கும் ஜெயிலு. எம் மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. போ. எங்கண்ணு முன்னால நிக்காத."

நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "போடா!" என்று கத்தினார். நர்ஸ் ஓடி வந்தாள்.

அந்தத் தரையை நானும் எலெக்ட்ரீஷியனும் முடித்தோம். இரத்தம் குடித்த பலகைகளை அறுத்து எறிந்தோம். புதிது போட்டு, விளிம்புகளுக்கு நீர் புகாத பூச்சு பூசி, ஸ்லைட்டுக்குப் புது ரப்பர் வைத்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் போட்ட தரைகளில் அதுதான் நல்லது. சொந்தக்காரர் ஏறிக் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்து, "சைன், சைன்" என்று அரபியில் பாராட்டி என் தோளில் தட்டினார்.  ஷெட்டுக்குப் பின்னால் போய், அவர் போகும் வரை அங்கேயே நின்றேன்.

மூன்று மாதம் கழித்து ஃபோர்மன் திரும்பி வந்தார். ஆட்கள் அவரைச் சுற்றி நின்று கையைப் பார்த்தார்கள், பரிதாபப்பட்டார்கள். அவர் திருந்தியிருப்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். என் குற்றத்துக்கு அப்படியாவது ஒரு பலன் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன் போலும். இரண்டாவது வாரம், அந்தப் பெயின்டர் வங்காளி டப்பாவைக் கொட்டிவிட்டார். ஃபோர்மன் இடது கையால் அவர் பிடரியில் போட்டார். அந்தக் கைக்கும் பழைய வலது கை அளவுக்கே பலம் இருந்தது. மறுபடி ஓங்கினார்.

நான் ஓடிப் போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தேன். இருவர் முகமும் பக்கத்தில் இருந்தன. அவர் கையை விடுவிக்கப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி, சத்தமில்லாமல் கேட்டார்:

"இதையும் எடுத்துக்கிறியாடா?"

கையை விட்டேன். அன்றைக்கு அவர் மேற்கொண்டு யாரையும் அடிக்கவில்லை. மறுநாள் அடித்தாரா என்று எனக்குத் தெரியாது. அன்று பின்னேரமே ஆபீசில் போய் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டபோது ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை என்றேன்.

ஆறு மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு இன்னொரு விசாவில் மறுபடி வந்தேன். இப்போது வீடுகளுக்கு அலமாரி செய்கிற வேலை. மனைவிக்குச் சென்ற வருடம்தான் இதைச் சொன்னேன், போனில்.  

"அந்தாள் அடிச்சதுக்குத்தானே செய்தனீங்கள்," என்றாள்.

"ஓம்" என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அந்த இரண்டு மூன்று விநாடியில், மோட்டார் உறுமிக்கொண்டிருந்தபோது, எனக்குக் கன்னமும் நினைவில் இல்லை, உதடும் நினைவில் இல்லை. நன்றாக இருந்தது. அதைத்தான் அவளுக்குச் சொன்னேன்.