வாவிக்கு முதுகு காட்டிய இரண்டு நாள்

நான் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கேள்விப்பட்டால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

என் மனைவியின் வயிற்றில் ஒரு கட்டி. கண்டியில் ஒப்பரேஷன், புதன்கிழமை காலை. திறந்து பார்த்தால்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்லலாம் என்றார் டொக்டர். கத்தாரில் இருக்கும் எங்கள் மகள், உம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் இரண்டு நாள் குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும் என்று, நுவரெலியாப் பக்கம் வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பழைய ஹோட்டலில் எங்களைக் கேட்காமலே அறை போட்டுவிட்டாள். திங்கட்கிழமை விடிய முன் சாய்ந்தமருதில் வான் ஏறினோம்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வாசலில் தொப்பி போட்ட ஒருவர், வழியில் சாப்பிட்டு மிஞ்சிய எங்கள் சோற்றுப் பையை, பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். இரவுச் சாப்பாட்டுக்குச் சாரனோடு வர முடியாது, கோட்டும் டையும் வேண்டும் என்றார்கள். இல்லாதவர்களுக்கு இரவல் கொடுக்க ஓர் அலுமாரி நிறைய வைத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்த கோட்டுக்குள் இன்னொருவரும் தாராளமாக இருந்திருக்கலாம்.

"மாப்பிள்ளையா வந்த அண்டைக்குக்கூட நீங்க இப்பிடி இரிக்கல்ல," என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டி என்று தெரிந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

எங்கள் ஊரில் கடல் கிழக்கே. பள்ளிவாசலிலும் சரி, வீட்டிலும் சரி, கடலுக்கு முதுகைக் கொடுத்து மேற்கே பார்த்து நின்றால் தொழுகிற திசை, கிப்லா, சரியாகிவிடும். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. கால் தானாகத் திரும்பும். ஹோட்டல் அறைக்குள் போனேன், யன்னலுக்கு வெளியே தண்ணீர் தெரிந்தது, கால் தானாகத் திரும்பிவிட்டது. வாவிக்கு முதுகைக் காட்டி முஸல்லாவை விரித்தேன். வானமெல்லாம் பனிமூட்டம், சூரியன் எந்தப் பக்கம் என்று பார்க்க வழியில்லை. மகள் என் போனில் போட்டுத் தந்திருந்த திசைகாட்டி மட்டும் வாவிப் பக்கம் காட்டியது. மலைக்குள் வந்து அது குழம்பிவிட்டது என்று அணைத்து வைத்தேன்.

எனக்கு நேர் முன்னால் சுவரில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் படம், மீசையும் நாயுமாக. படத்துக்கு முன்னால் நின்று தொழுவதாவது! துவாயால் மூடினேன். அறை துப்புரவாக்க வந்தவர் அந்தத் துவாயை எடுத்து அன்னமாக மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். நான் அன்னத்தைக் குலைத்துத் துரையை மூடினேன். மறுநாள் இரண்டு அன்னங்கள் இருந்தன. முதலாவது எனக்குப் பிடிக்கவில்லை என்று அந்த மனிதர் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

மனைவி என்னோடு சேர்ந்து தொழ வரவில்லை. "நீங்க தொழுங்க, நான் பொறகு தொழுறன்," என்று யன்னலோரக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன். அவள் தூங்குகிற தைரியத்தில், தொழுது முடிந்ததும் வாய்விட்டு துஆக் கேட்டேன். பாடமாக்கிய அரபு துஆக்கள் போதவில்லை. ஊர்த் தமிழிலேயே கேட்டேன்.

"யா அல்லாஹ், இவள் இல்லாட்டி என்ட பனியன் எங்க கிடக்கெண்டும் எனக்குத் தெரியா. என்னக் கொண்டு போ, இவள விடு. இல்ல, என்னயும் விடு. இவளுக்கு நான் இன்னும் ஒண்டும் செய்யல்லயே!"

கண்ணீர் தாடியில் இறங்க, துரையின் துவாயைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

செவ்வாய்க்கிழமை நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்டுக் கட்டிலில் சாய்ந்தேன். கண் விழித்தபோது பனிமூட்டம் விலகியிருந்தது. தண்ணீருக்கு மேலே சிவப்பாகச் சூரியன். மணிக்கூட்டில் ஆறு ஐந்து. பக்கத்தில் மனைவி இல்லை.

பிறந்ததிலிருந்து தண்ணீருக்கு மேல் நான் கண்ட சிவப்புச் சூரியன் காலைச் சூரியன் மட்டும்தான். புதன்கிழமை விடிந்துவிட்டது! கண்டிக்குப் போக ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்த வான் வந்து திரும்பிப் போயிருக்கும். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம், அன்னங்கள் உட்பட, பைக்குள் அடைத்துக்கொண்டு, சாரனைத் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கினேன்.

"வான் எங்க? என்ட மனிசி எங்க? ஏன் எங்கள எழுப்பல்ல?" என்று வரவேற்பு மேசையில் நின்றவரிடம் சத்தம் போட்டேன்.

"ஐயா, வேன் நாளைக்குத்தாங்களே," என்றார் அவர்.

"அந்த நாளைக்குத்தான் இப்ப!"

அவர் பதறிப்போய் மணிக்கூட்டைப் பார்த்தார். "இப்ப சாயங்காலமுங்க, ஐயா."

"சூரியன் உதிச்சி நிக்கிது, தெரியல்லயா?"

"அது மறையுதுங்க."

"தண்ணிப் பக்கம் எப்பிடி மறையும்?" என்று கேட்டேன். முப்பது வருடம் புவியியல்!

இரவுச் சாப்பாட்டுக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியும் கையுமாக நின்றார்கள். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து யன்னலுக்குப் போய்ச் சூரியனை ஒருமுறை சரிபார்த்துவிட்டு வந்தார். மனைவி வராந்தாவில் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் பையையும் கண்டு, மிச்சக் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, என்னை மேலே கூட்டிப்போனாள்.

பாதிப் படியில்தான் எனக்கு உறைத்தது. மறைகிறதென்றால் அது மேற்கு. அது மேற்கென்றால் நான் தொழுத ஆறு வக்துத் தொழுகையும் கிழக்குப் பார்த்து. அப்படியே படியில் குந்திவிட்டேன். துஆவுக்குத் திசை கட்டாயமில்லை என்று படித்திருக்கிறேன். அந்த நேரம் படித்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை. அவளுக்காகக் கேட்டதெல்லாம் விலாசம் பிழைத்து எங்கோ போய்விட்டதுபோலப் பயம் பிடித்தது.

"புள்ள, நான் பிழையான பக்கம் தொழுதிட்டன்."

"ஓம், தெரியும்."

அறைக்குப் போனதும் மேசை லாச்சியை இழுத்துக் காட்டினாள். உள்ளே கிப்லா அம்புக்குறி ஒட்டியிருந்தது, நேரே வாவிப் பக்கம். திங்கட்கிழமை உடுப்பு அடுக்கும்போதே கண்டிருக்கிறாள். நான் கீழே போன நேரமெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துத் தொழுதும் இருக்கிறாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏன் சொல்லல்ல?"

"சொன்னா வெக்கத்தில வாய மூடிக்கிருவீங்க. பொறகு எனக்கு அந்த துஆ கேக்கக் கிடைக்குமா? கலியாணம் முடிச்ச நாளையில இருந்து என்னப் பத்தி ஒருநாளாவது அப்பிடிக் கதச்சிரிக்கீங்களா?"

அவள் தூங்கவேயில்லை. ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள்.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது, கட்டியும் கெட்டது இல்லை என்றார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் செவ்வாய் மாலை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சூரியன் மறைந்ததும் மஃரிப் தொழுகைக்கு வாவியைப் பார்த்து நின்றேன், அவள் எனக்குப் பின்னால் நின்றாள். தொழுது முடிந்ததும் கையை ஏந்தி, அரபில் முணுமுணுத்தேன்.

"அது எனக்கு வெளங்கல்ல. நேத்து மாதிரிக் கேளுங்க," என்றாள்.

"நீ கேட்டுக்கிட்டு இரிக்கிற எண்டு தெரிஞ்சா எப்பிடி வாய் வரும்?"

"கேளுங்க. எனக்குப் பயமா இரிக்கி."

பயம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தமாகவே கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவள் ஆமீன் சொன்னாள்.