குதிரைக்குப் பேச்சுத் துணை

உடம்பு இளைக்கவேண்டும் என்று டாக்டர் எனக்குக் கொள்ளு ரசம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று காலை குக்கரைத் திறந்ததும் அவித்த கொள்ளின் வாடை மூக்கில் ஏறியது பாருங்கள், சிரிப்பை அடக்க முடியவில்லை. "ரசத்தப் பாத்து எதுக்குங்க சிரிக்கிறீங்க?" என்றாள் மனைவி. இதே கொள்ளைத் தின்னவைத்து ஒரு குதிரைக்குச் சதை போடவைக்க நான் பட்ட பாட்டைச் சொன்னால், வீட்டில் மிச்சமிருக்கும் கொஞ்ச மரியாதையும் போய்விடும்.

தொண்ணூறுகளின் கடைசி. மதுரையில் ஒரு கால்நடை மருந்துக்கடையில் எனக்கு வேலை. டிஞ்சரும் புண்ணாக்கும் கலந்த ஒரு வாசனை சட்டையிலேயே குடியிருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் கடைப் போனில் அம்மாவிடம் பேசிவிட்டு வைக்கிறேன், எதிரே நின்ற ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டார். திருப்பரங்குன்றம் செல்லப்பாண்டி அண்ணன். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். டானிக் வாங்க வந்திருந்தார்.

"தம்பி, இப்பப் பேசுனது என்ன பாஷை?"

"சௌராஷ்டிராண்ணே. வீட்ல பேசுறது."

"குஜராத்துப் பக்கமா?"

"பூர்வீகம் அங்கதாம்பாங்க."

"அடி ஆத்தி! என் குதிரையும் குஜராத்துதான் தம்பி! இங்க யாரு பேசுறதும் புரியாமத்தான் அது மிரளுது. கெளம்புங்க!"

எங்கள் ஆட்கள் அந்தச் சீமையை விட்டுக் கிளம்பி எத்தனையோ தலைமுறை ஆயிற்று. நான் மேலூரைத் தாண்டியதில்லை. அவர் கேட்டால்தானே! அவருடைய டிவிஎஸ் ஐம்பதின் பின்னால் டானிக் பாட்டிலோடு நானும் ஏற்றப்பட்டேன்.

வீட்டில் இருந்த இரண்டு பெட்டைக் குதிரைகளுக்காகவே அந்தப் பொலிகுதிரையைத் தரகர் பேச்சை நம்பி வாங்கியிருந்தார். பேர் ராஜா. ராஜாவுக்கு விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்தது. ரயில் கூவினால் நடுங்கும். குக்கர் விசிலடித்தால் நடுங்கும். பெட்டைக் குதிரை கனைத்தால் ரொம்பவே நடுங்கும். கொள்ளை ஒரு வாய் மென்றுவிட்டு யாராவது தும்மினால் அன்றைக்கு அத்தோடு சரி. அண்ணன் சம்சாரம் பேச்சியம்மா மதினி வெடுக்கென்று சொல்லிவிட்டார்: "ஆடிக் குதிரைச் சந்தைக்குள்ள இது தேறணும். இல்லன்னா வந்த லாரியிலயே ஏத்திவிட்ருவேன்." அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. தன் கொட்டடியில் பிறந்த குட்டி ஒன்று மாப்பிள்ளையைச் சுமந்துபோவதைப் பார்க்கவேண்டும் என்று அந்த மனுசனுக்கு அம்புட்டு ஆசை.

அன்றிலிருந்து சாயங்காலமானால் எனக்கு அங்கே டூட்டி. குதிரையிடம் என்ன பேசுவது? முதலில் கடையிலிருந்த மருந்துகளின் பேரைச் சொன்னேன். அப்புறம் முதலாளியைத் திட்டினேன். அப்புறம் எந்தெந்தப் பெண் என்னை எதற்காக வேண்டாம் என்றது என்று விலாவாரியாக. எல்லாம் சுத்தமான சௌராஷ்டிராவில்தான். ராஜா காதைத் திருப்பிவைத்துக்கொண்டு கேட்கும். கேட்டுக்கொண்டே தொட்டியில் வாயை வைக்கும். என் சோகம் கூடக்கூட அதற்குப் பசி கூடியது.

இடையில் கால்நடை டாக்டர் வந்து பூச்சி மருந்து கொடுத்து, குதிரையைத் தண்டவாளப் பக்கமிருந்து பின்கொட்டடிக்கு மாற்றச் சொன்னார். அதனால்தான் தேறியது என்பது அவர் கட்சி. "டாக்டருக்குக் குஜராத்தி தெரியாதுல்ல, அதான் அப்பிடிச் சொல்றாரு" என்றார் அண்ணன். யாராவது ஒருத்தர் நம்மைப் பெரிய ஆள் என்று நினைத்தால் அதைக் கெடுப்பானேன்?

பெட்டைக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்குத்தான் கூத்து. அத்தனை பெரிய உருவம் என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது! "தம்பி, ஒங்க பாஷையில தைரியம் சொல்லுங்க!" என்று அண்ணன் கத்துகிறார். தைரியம் சொல்ல நானா ஆள்? முந்தின வாரம்தான் பஜ்ஜித் தட்டோடு வந்த பெண்ணைப் பார்க்காமல் தட்டையே பார்த்துவிட்டு வந்தவன். வேறு வழியில்லாமல் அம்மா எனக்குச் சொல்லி அனுப்பியதை அப்படியே ராஜாவுக்குச் சொன்னேன்: தலையை நிமிர்த்து, மூஞ்சியைப் பாரு, அவள் ஒன்றும் உன்னைக் கடித்துத் தின்றுவிட மாட்டாள். அவளோ வந்ததும் வராததுமாக ராஜாவின் கழுத்தில் ஒரு கடி கடித்தாள். ராஜாவுக்கு அதுதான் வேண்டியிருந்ததோ என்னவோ, வெட்கம் விட்டுப்போயிற்று. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். லாரிப் பேச்சும் அத்தோடு நின்றது.

மறுவருஷம் நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு குட்டி பிறந்தது. அண்ணன் தேம்பித் தேம்பி அழுதார். குட்டியைப் பார்க்க வந்த தரகரின் தம்பி, "இதோட அப்பன் எங்க பல்லடத்துல பொறந்ததுண்ணே, குஜராத்தாவது ஒண்ணாவது!" என்று போட்டு உடைத்தான். அண்ணன் அசரவில்லை. "அப்பப் பல்லடத்துக்கும் இவரு பாஷை புரியுதுடா!" என்றார்.

இப்போது அந்தக் கொட்டடி இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். மாப்பிள்ளைகள் காரில் போகிறார்கள். நான் கட்டிக்கொண்டது திண்டுக்கல் தமிழ்ப் பெண்ணை. நல்லவள், பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள், வீட்டில் எல்லாருக்கும் தமிழ்தான். அம்மா இருந்தவரைக்கும் அடுக்களையில் அம்மாவோடு மட்டும் எங்கள் பாஷை ஓடியது. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நெஞ்சில் ஏதாவது பாரமாக இருந்தால் இப்போதும் எனக்குச் சௌராஷ்டிராவில்தான் வார்த்தை வருகிறது. அதைக் கேட்டுக்கொள்ள மதுரையில் எனக்கென்று ஒரு குதிரைகூட இல்லை.