இரண்டு வீட்டுக்கு ஒரு சிவப்புக் கார்

எங்கள் கார் ஒரு வாரம் ராஜபாளையத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும். மறு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மைத்துனன் வீட்டு வாசலில் நிற்கும். தனியாக ஒரு கார் வாங்க என்னாலும் முடியாது, அவனாலும் முடியாது. சேர்ந்து வாங்கலாம் என்று அவன்தான் சொன்னான். என் மனைவிக்கு ஒரே தம்பி அவன். தம்பி சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அது. எனக்கு அப்போது மில்களுக்கு பேரிங், பெல்ட் விற்கும் கடை. அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தான். இளம் மில் முதலாளி ஒருவர் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, வெளிநாடு போவதால் காரை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

கார் மிகவும் சிறியது. பின்னால் டிக்கி என்று தனியாக எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. பின்கண்ணாடியோடு சேர்த்து முழுக் கதவையும் மேலே தூக்க வேண்டும். மாதுளம்பழச் சிவப்பு. எனக்கு வெள்ளைக் கார்தான் ஆசை. அந்த மனிதர் தன் வயசுக்கு ஏற்ற மாதிரி அகலமான டயரும் வேறு சைலன்ஸரும் போட்டு வைத்திருந்தார். ஸ்டார்ட் செய்தால் அடித்தொண்டையில் உறுமியது.

மைத்துனன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மலையடிவாரம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"மச்சான், இது ரேஸ் காரு இல்ல. ஆனா மிதிச்சா கேட்கும். சின்ன வண்டியில இம்புட்டுப் போதாதா?"

"வீட்டுக்கும் கடைக்கும் போக எதுக்கு மாப்ள இம்புட்டு?"

"இருந்தா வேண்டாம்னா சொல்லப்போறோம்?"

வாங்கினோம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கார் கைமாற வேண்டும் என்று ஏற்பாடு. யார் வீட்டில் கார் நிற்கிறதோ அவர்கள் குடும்பத்தோடு அதை ஓட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்குப் போவார்கள். மத்தியானச் சாப்பாடு அங்கே. சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவார்கள். இப்படி வாரம் தவறாமல் அக்காளும் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பு பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டே இரண்டு பெருநாளுக்கு மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

நான் ஓட்டும் விதம் வேறு. நாற்பது, மிஞ்சினால் நாற்பத்தைந்து. ஐந்தாவது கியர் என்று ஒன்று இருப்பது எனக்கு வெறும் செய்தி. பின்கதவைத் தூக்கி பேரிங் பெட்டிகளை அடுக்கி, மில் மில்லாகக் கொண்டுபோய் இறக்குவேன். அவனோ கான்சாபுரத்தில் இருக்கும் தன் மாமனார் வீட்டுக்குப் போய்வந்தாலே, எத்தனை நிமிஷத்தில் போனான் என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பான்.

அந்த வருஷம் என் மூத்த மகள் கிருஷ்ணன்கோவில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். தினமும் கல்லூரிப் பஸ்ஸில் போய்வந்தாள். ஒரு நாள் மாமா வீட்டில் தங்கியவள் காலையில் பஸ்ஸை விட்டுவிட்டாள். கார் அவன் முறையில் இருந்த வாரம். அவன் கொண்டுபோய் விட்டான்.

இரண்டு நாள் கழித்து, கடைக்கு வழக்கமாக வரும் மில் மேனேஜர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். "உங்க செவப்புக் காரை கிருஷ்ணன்கோவில் ரோட்டுல பார்த்தேன் பாய். பஸ்ஸையும் லாரியையும் ஒரே மூச்சுல தாண்டிப் போச்சு. எதுக்க ஒரு வேன் வேற வருது. உள்ள ஒரு பொண்ணு இருந்த மாதிரி தெரிஞ்சுது."

வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டேன். அவள் கண்ணை விரித்துக்கொண்டு, "ஆமா அத்தா, மாமா சூப்பரா ஓட்டுனாரு" என்றாள். வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கார் எங்கள் வீட்டுக்கு வர வேண்டிய முறை. வந்தார்கள். சாப்பாடு விரித்தாயிற்று. அவன் மாமனாரும் உடன் வந்திருந்தார். அவர் எதிரில், முதல் கவளம் அவன் வாய்க்குப் போகும் முன்னால் நான் ஆரம்பித்தேன்.

"எம்புள்ள உசிரு ஒனக்கு வெளையாட்டாப் போச்சா மாப்ள?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "இல்ல மச்சான். எடம் பார்த்துத்தான் முந்துனேன். ஓட்டத் தெரியாதவனா நான்?"

அதோடு நான் விட்டிருக்கலாம். விடவில்லை. "ஓட்டத் தெரிஞ்சவன் மொதக் கடையை ஏன் மூடுன? அதையும் ஒழுங்கா ஓட்டிருக்கலாமே!"

இந்தத் துணிக்கடைக்கு முன்னால் அவன் ஒரு பாத்திரக்கடை வைத்து, இரண்டே வருஷத்தில் மூடியிருந்தான். அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் பேசுவதில்லை. அவன் மாமனார் தட்டைப் பார்த்தபடி இருந்தார். என் மனைவி கையில் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவன் எழுந்து கைகழுவினான். கார் சாவியை ஜன்னல் திட்டில் வைத்தான். மனைவியையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஆனால் கார் மட்டும் முறை தவறாமல் போய்வந்தது. அவன் முறை முடிந்ததும் காலையிலேயே என் கடைமுன்னால் நிறுத்திவிட்டு, எதிரே டீக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவான். என் முறை முடிந்தால் நான் அவன் கடைக்குப் பக்கத்துத் தையல்காரரிடம் சாவியைக் கொடுப்பேன். கடைக்குள் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒரு தடவை தையல்காரர் கேட்டேவிட்டார். "எட்டிப் பார்த்தா இருக்காரு. நீங்களே குடுக்கக் கூடாதா?" எனக்கு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். ஒவ்வொரு தடவையும் டிரைவர் சீட் பின்னால் தள்ளியிருக்கும். நான் அதை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, உட்காருவதற்கே இரண்டு நிமிஷம் ஆகும். கார் துடைத்துச் சுத்தமாக இருக்கும். டயரில் காற்றுக் குறைந்து அவன் ஒரு நாளும் கொடுத்ததில்லை. நானும் பேரிங் பெட்டிகளின் கிரீஸ் கறையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கொண்டுபோவேன். முன்பு அப்படிக் கழுவியதில்லை.

என் மனைவி என்னிடம் சண்டை போடவில்லை. கார் போகும் நாளில் பின்சீட்டில் ஒரு டிபன் கேரியரை வைத்துவிடுவாள். தம்பிக்குப் பிடித்த மீன் குழம்போ, நெய்ச்சோறோ. கார் திரும்பும்போது அதே கேரியர் வேறு ஏதாவது பலகாரத்தோடு வரும். காலியாக வந்ததே இல்லை. அவள் அதைத் திறந்து பார்க்கும்போது நான் வேறு அறைக்குப் போய்விடுவேன்.

"எந்தம்பி கோவக்காரன் இல்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றாள் ஒரு நாள்.

"நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? புள்ள மேல உள்ள அக்கறையில சொன்னேன்."

"புள்ளயப் பத்திச் சொன்னது சரிதான். அதுக்குப் பொறவு சொன்னீங்கல்ல, அது?"

நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

மகளுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம் அது. கார் எங்கள் முறை. காலை ஒன்பதேகால் மணிக்குக் கடை போன் அடித்தது. கல்லூரி வாசலில் இருந்த பூத்திலிருந்து மகள். குரல் உடைந்திருந்தது.

"அத்தா, ஹால் டிக்கெட்டை மேஜை மேலயே வச்சிட்டு வந்துட்டேன். பத்து மணிக்குப் பரீட்சை. அது இல்லாம உள்ள விடமாட்டாங்களாம்."

"அழாத. அத்தா வாரேன்."

வீட்டுக்குப் போய் ஹால் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்படும்போது ஒன்பது இருபத்தைந்து தாண்டிவிட்டது. என் வேகத்தில் கிருஷ்ணன்கோவிலுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஊரைத் தாண்டும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தேன். வெளியே வந்தால், முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் ஒரு பஸ். இரண்டும் அசையாமல் போவது மாதிரி எனக்கு இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம்தான் இருந்தது.

பாதை நீளத்துக்கும் பார்த்தேன். எதிரே ஒன்றுமே இல்லை. மைத்துனன் முன்பு சொன்னபடி மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தேன்.

அதுவரை அந்தக் கார் எனக்குக் காட்டாத ஒன்றைக் காட்டியது. உறுமல் கனத்து மேலே ஏறியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. லாரி பின்னால் போனது, பஸ் பின்னால் போனது. நான்காவது, பிறகு ஐந்தாவது. இடதுபக்க மலை என்னோடு கூடவே ஓடியது. பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. பேரிங் விற்கும் நாற்பத்தெட்டு வயது மனிதன் நான், தன்னந்தனியாகக் காருக்குள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனேன்.

கல்லூரி வாசலில் மகள் ஓடிவந்து ஹால் டிக்கெட்டை வாங்கினாள். மூன்று நிமிஷம் மிச்சம். "எப்படி அத்தா இம்புட்டு சீக்கிரம்?" என்றவள் பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டாள்.

இன்ஜின் சூடு ஆறும்வரை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். எனக்கு மகளின் பரீட்சை ஒரு காரணம். அவனுக்கும் அன்று அதே மகளின் வகுப்புதான் காரணம். ஆனால் காரணம் இல்லாவிட்டாலும் அந்த வேகம் பிடித்திருக்கும் என்பது இப்போது எனக்கும் தெரியும். அதை அறியாமல் அவனைத் திட்டியிருந்தேன். மற்றதை, அந்தக் கடை விஷயத்தை, அறிந்தே சொல்லியிருந்தேன்.

திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் கடை வாசலில் காரை நிறுத்தினேன். தையல்காரர் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவன் இரண்டு பெண்களுக்குச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் விரிப்பதை நிறுத்தவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டு போகும்வரை ஓரமாக நின்றேன்.

"மாப்ள, பஸ்ஸையும் லாரியையும் ஒண்ணா முந்திட்டேன்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சேலையை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எந்த கியர்ல?"

"மூணுல."

"மூணுக்கு எறக்குனீகளா?"

"எறக்குனேன்."

"எம்புட்டுப் போச்சு?"

"முள்ளைப் பார்க்கலை மாப்ள. பார்க்கப் பயமா இருந்துச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. நான் சிரிக்கவில்லை. சிரித்தால் சொல்ல வந்தது நின்றுபோகும்.

"அன்னைக்கு ஒங்கடையைப் பத்தி நான் சொன்னது தப்பு. அதுவும் ஒம்மாமனார் முன்னால. மன்னிச்சிரு மாப்ள."

சேலையை மடித்து முடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. "கார் விஷயத்துக்கு நீங்க அடிச்சிருந்தாக்கூட வாங்கியிருப்பேன் மச்சான். கடையைச் சொன்னதுதான் தாங்கலை. எம்மாமனார் இன்னைக்கும் என்கிட்ட அதைப் பத்திப் பேசல. ஆனா எனக்குத்தான் அவிய மூஞ்சியைப் பார்க்க முடியல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அன்னைக்கு அந்த வேன் நான் நெனச்சதைவிடக் கிட்டத்துல வந்துருச்சு. நானும் வெலவெலத்துப் போனேன். புள்ளைக்குத் தெரியக் கூடாதுன்னு சிரிச்சேன். அதுக்குப் பொறவு புள்ளைகளை வச்சுக்கிட்டு அறுபதைத் தாண்டுனதில்ல."

இருவரும் டீ குடித்தோம். தையல்காரரையும் கூப்பிட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி டிபன் கேரியரை எடுக்கவில்லை. குடும்பத்தோடு போனோம். அடுத்த முறை அவன் மாமனாரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து, நானே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று சொன்னது தவறு என்று சொன்னேன். அவர், "குடும்பம்னா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அந்தக் காரை வைத்திருந்தோம். நான் பழையபடி நாற்பத்தைந்துக்கே வந்துவிட்டேன். மகள் அதில் ஓட்டப் பழகினாள். மைத்துனன் கடையும் பெரிதாகி, அவனுக்குத் துணி மூட்டை ஏற்ற வேன் தேவைப்பட்டது. தேவதானத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வந்து காரை விலைக்குக் கேட்டார். கொடுத்தோம்.

அவர் வீட்டிலேயே கொண்டுபோய் விடுவதாக ஒப்புக்கொண்டு, நாங்கள் இருவரும்தான் போனோம். போகும்போது அவன் ஓட்டினான். காரை விட்டுவிட்டு, சாலை ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வர ரொம்ப நேரம் ஆனது. அதுவரை என் மகளுக்கு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.