அட்டைப் பாட்டு கட்டியவள்

“நில்லு சாமி, நில்லு. அங்க அப்படி வராது.”

இடுப்புக் குடத்துத் தண்ணீர் தளும்பிக் காலை நனைக்க, ஆடும் பிள்ளைகளை நிறுத்திப் பாட்டைத் திருத்திய பிறகுதான் பொன்னாயி வீட்டுக்கு நடப்பாள். யார் கட்டிய பாட்டானாலும் சரி, தப்பாகப் பாடினால் அவளுக்குப் பல் கூசும். அவள் மாமனார் மூக்கன் இறந்த அன்று ஒப்பாரி வைத்த ஒருத்தி, இளைய மகன் பெயரை முன்னே சொல்லி அழுதுவிட்டாள். பொன்னாயி மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, “காளியப்பன்தான் மூத்தவன். மறுபடியும் மொதல்ல இருந்து அழு” என்றாள். அவளும் அழுதாள்.

காப்பிக் காட்டில் பழம் பறிக்கும்போது ஒரு நிரைப் பெண்கள் ஓர் அடி பாட, அடுத்த நிரை பதில் பாடும். பொன்னாயி நிரைக்குப் பதில் சொல்ல மற்றவர்கள் யோசிப்பார்கள். மடிச் சாக்கில் பழம் விழுகிற தாளத்திலேயே சொல்லும் வந்து விழும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், “பழம் எங்கிருந்து வருதோ அங்கிருந்துதானுங்க” என்பாள்.

அட்டைப் பாட்டு பிறந்தது போன வருஷத்து ஐப்பசி மழையில். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வெங்கடாசலம் பெண்களை அதட்டிக்கொண்டே காட்டுக்குள் வந்தார். கால்சட்டைக்குள் அட்டை ஏறியது. அலறிக்கொண்டு, நாலு இடத்தில் ஓட்டை விழுந்த குடையை எறிந்துவிட்டுப் பாறை மேல் ஏறினார். சுண்ணாம்பு கொண்டுவந்து தடவும்வரை இறங்கவில்லை. மறுநாள் அவர் காட்டுப் பக்கம் வராத நேரத்தில் பொன்னாயி எடுத்துக் கொடுத்தாள்:

அட்டை அட்டை எங்க போற?
அய்யா காலத் தேடிப் போறேன்.
ஓட்டைக் குடைய ஓரம் போட்டு
ஒத்தப் பாறை ஏறி நின்னாரு!

பெண்கள் சிரித்து மறந்தார்கள். பிள்ளைகள் மறக்கவில்லை. ஒருவன் கல்லில் ஏறினால் அவன் அய்யா, மற்றவர்கள் அட்டை. காலைத் தொட்டுவிட்டால் அவன் இறங்க வேண்டும். விளையாட்டு பக்கத்து ஊரான வெள்ளக்கடைக்குப் போனது. பஸ் ஏறி மலையடிவாரத்துக் குப்பனூருக்கும் இறங்கியது. அங்கே அய்யா கண்டக்டர் ஆகிவிட்டாராம். அதைக் கேட்டுப் பொன்னாயிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. “பஸ்ஸுக்குள்ள எங்கிருந்து அட்டை வரும்? போயி நல்லாச் சொல்லிக் குடுத்துட்டு வரட்டுமா?” என்று சென்னம்மாளிடம் கேட்டாள். சென்னம்மாள் மூக்கன் மகள்; இவளுக்கு நாத்தனார்.

“ஆமாங்க அண்ணி, போங்க. போற வழியில ரைட்டர் ஊட்லயும் பாடிக் காட்டிட்டுப் போங்க.”

ரைட்டர் வீட்டுக்குப் பாட்டு தானாகவே போய்ச் சேர்ந்தது. அவர் மகள் மீனாட்சி ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாடினாள்.

இந்த வருஷத்து மார்கழியில் ஒரு சாயங்காலம். பறித்த பழத்தோடு பெண்கள் எடைக்கு நின்றார்கள். ரைட்டர் தராசுப் பக்கம் போகாமல், மகளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து களத்து நடுவில் நிறுத்தினார். யாரோ அவரிடம், ஆள் பெயரை மட்டும் சொல்லாமல், வத்தி வைத்திருந்தார்கள்.

“இதைக் கட்டினவ இங்கதான் நிக்கறா. தப்பாப் பாடுனா அவளுக்குப் பொறுக்காதாமில்ல? எவ வாய் அசையுதோ, அவ நாளைக்கு எஸ்டேட் குடுத்த லைன் ஊட்டக் காலி பண்ணிக்கணும். பாடு கண்ணு.”

பொன்னாயியின் லைன் வீட்டில் மகள் சரஸ்வதி தலைப்பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது.

“வாயத் தெறந்துராதீங்க அண்ணி” என்று சென்னம்மாள் பின்னாலிருந்து முணுமுணுத்தாள். “புள்ளத்தாச்சிய நெனச்சுக்கங்க.”

மீனாட்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாடினாள். அட்டை போனது, அய்யா காலைத் தேடியது, பாட்டு குடையை விட்டுவிட்டு நேரே பாறைக்குத் தாவியது. விட்டுப்போன குடை அடி பொன்னாயியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முந்தானை நுனியை எடுத்துப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டாள்.

“இன்னொருக்காப் பாடு” என்றார் ரைட்டர். அவர் கண் ஒவ்வொரு வாயாக நகர்ந்து வந்தது. சென்னம்மாளைத் தாண்டியது. பொன்னாயியிடம் நின்றது.

பிள்ளை மறுபடியும் குடையை விட்டாள்.

“அட, அப்படி இல்ல கண்ணு!” ரைட்டர் பொறுக்காமல் மகள் பக்கம் திரும்பினார். “‘புத்தம்புதுக் குடைய ஓரம் போட்டு’ன்னு வரணும். அதை உட்டுட்டுப் பாறைக்கு ஏன் ஓடுற?”

களத்தில் நின்ற அத்தனை பெண்களும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் கை தானாகப் போய் உதட்டைத் தொட்டது.

குடை புதுசில்லை. தாளமும் ஓர் இடத்தில் நொண்டியது. பொன்னாயி மிச்சமிருந்த முந்தானையையும் வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.