சின்ன வெங்காயம் தேய்த்த இடம்

டாக்டர் இடுக்கியால் முடியைப் பிடுங்கினார். நிஷா அழவில்லை, அம்மாவின் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். கறுப்புப் புள்ளிகளாய் ஒடிந்து நின்றவற்றில் ஏழெட்டு கண்ணாடித் தகட்டுக்குப் போயின.

சித்ரா மகளின் தலையைப் பிடித்திருந்தாள். உச்சியில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு முடி இல்லை. புழுவெட்டு என்று நம்பி ஒரு மாதமாகச் சின்ன வெங்காயம் தேய்த்தவள் அவள்தான். தோல் சிவந்து புண்ணானபோதும் மருந்து வேலை செய்வதாகவே நினைத்தாள். முடி வளரும்வரை அழைத்து வர வேண்டாமென்று வகுப்பாசிரியை கனிமொழி சொல்லி இருபது நாள். மற்ற பிள்ளைகள் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"புழுவெட்டுன்னா வழவழன்னு இருக்கும்மா," என்றார் டாக்டர் ஜமீலா. "இங்க செதில் உதிருது, முடி ஒடிஞ்சி நிக்குது. படர்தாமரை மாதிரி, தலையில வர்ற பூஞ்சை."

மதியம் சோதனையும் அதையே சொன்னது. ஆறு வாரம் மாத்திரை, தினம் ஒன்று, சாப்பிட்டதும் பாலோடு. முடி முளைத்துவிட்டதென்று நடுவில் நிறுத்தக் கூடாது. ஆளுக்கொரு சீப்பு. மருந்து தொடங்கியதும் பள்ளிக்கு அனுப்பலாம் என்று சித்ரா சீட்டு எழுதி வாங்கிக்கொண்டாள்.

பள்ளி விடுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து பட்டாபிராம் பள்ளிக்கு வந்துவிட்டாள். கனிமொழி சீட்டை இரண்டு முறை படித்தார். மற்ற பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது என்றார்.

"என்னாண்ட அனுப்புங்க மிஸ். வெங்காயம் தேச்ச கதையைச் சொல்றேன்."

கனிமொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தார்.

வீட்டில் கணவன் டில்லிபாபு ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாத்திரை சூடு, வெள்ளிக்கிழமை கோயிலில் நிஷாவுக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறேன், அதிலேயே போய்விடும் என்றான்.

"பூஞ்சை வேருல கீது. மேல செரைச்சா இன்னா ஆவும்?" என்றாள் சித்ரா. "வேண்டுதல் உன்னுதுதானே. நீ போட்டுக்கோ."

அவன் தன் முடியைத் தடவிப் பார்த்தான். அன்று இரவு முதல் மாத்திரை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நிஷாவுக்கு நீலச் சீப்பு. எட்டே முக்காலுக்குப் பள்ளி. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள். சித்ரா கம்பெனிக்கு அரை மணி தாமதமாகப் போனாள். டில்லிபாபு மொட்டையோடு ஆட்டோ ஓட்டினான். மாலையில் கனிமொழி மிஸ் அனுப்பியதாக ஒரு பெண் தன் பையனின் தலையைக் காட்ட வந்தாள். அவளும் வெங்காயம் தேய்த்திருந்தாள். சித்ரா ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினாள். சோறு, பால், மாத்திரை. மீதி நாற்பது.