அக்காவுக்குத் திரும்பி வந்தது

பினாங்கில் இப்போதெல்லாம் நான் பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுகிறார்கள். முதல் தடவை எழுந்தவள் ஒரு மலாய்ப் பெண். "நெனெக்" என்று சொல்லி, கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மரியாதைச் சொல் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். என் கணவர் இங்கே துறைமுகத்தில் கணக்கெழுதுகிற கிராணி. மலாய் நன்றாகத் தெரியும். அவரிடம் கேட்டபோது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பாட்டின்னு அர்த்தம்" என்றார். எனக்கு வயது நாற்பத்தாறு. எதிர்வீட்டுச் சீனத்திக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அவள் மீன்கூடையோடு ஏறினால் ஒருவரும் அசைவதில்லை, அவள் முதுகு அப்படி நிமிர்ந்தது; கூன் விழுந்தது எனக்குத்தான். அன்றிலிருந்து தெருவில் போகிற பெண்களின் முதுகைப் பார்த்துப் பார்த்து வயிறெரிவதே எனக்கு வேலையாகிவிட்டது.

ஊரில் இதைப் படிக்கிற பெண்கள் முகம் சுளிக்கலாம். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்தோம். அப்போது எனக்கு மாதவிலக்கு நின்றது. சோறு கிடைத்தால் சரியாகிவிடும் என்று இருந்தேன். யுத்தம் முடிந்து சோறும் வந்தது, அது மட்டும் வரவில்லை. பிறகு ஒருநாள் குளியலறையில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றினேன். ஒரு குழந்தை விழுகிற மாதிரிதான். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார லேடி டாக்டர் இருந்தாள். கையைக் கட்டிய பிறகு என்னைச் சுவரோரம் நிற்கவைத்து உயரம் பார்த்தாள். "சேஞ்ச் ஆஃப் லைஃப் எப்போது வந்தது?" என்று கேட்டாள். எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். வாழ்க்கை எப்போது மாறியது என்று கேட்கிறாள், வேறென்ன? "பதினெட்டு வயதில், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது" என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து நர்ஸ்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்கட மாதவிலக்கு எப்ப நிண்டது எண்டு கேக்கிறா" என்றாள்.

மாதவிலக்கு நின்றுபோன பெண்களின் எலும்பைப் பற்றிச் சீமையிலும் அமெரிக்காவிலும் இப்போதுதான் ஆராய ஆரம்பித்திருக்கிறார்களாம். அந்த டாக்டரும் என்னைப் போன்றவர்களின் எக்ஸ்ரே படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். உடம்பில் ஊறுகிற ஏதோ ஒன்று அந்தச் சமயத்தில் வற்றிவிடுகிறது, அதன்பிறகு எலும்பில் சுண்ணாம்பு தங்குவதில்லை என்றாள். கிணறு வெட்டினால் சுண்ணாம்புக்கல் முட்டுகிற அரியலூர்ப் பக்கத்தில் பிறந்தவளிடம் இதைச் சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். வெயிலில் நட, பால் குடி, நெத்திலியை முள்ளோடு தின் என்றாள். கடைசியாக இன்னொன்றும் சொன்னாள்: ஒரு வருஷம் நின்ற பிறகு மறுபடி உதிரம் கண்டால் அதைச் சாதாரணமாக நினைக்காதே, உடனே ஓடிவா.

கை கூடியதும் ஊருக்குப் போனேன். அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, விக்கிரமங்கலத்துக்கு மாட்டு வண்டி. எனக்கு அம்மா அப்பா இல்லை. பொன்னம்மாள் அக்கா ஒருத்திதான். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். வாசலில் அவளுடைய மருமகள்தான் நின்றாள். அக்கா மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"வாடி செல்லம். கிட்ட வந்துடாத, நான் தூரமா இருக்கேன்."

எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிறேன். கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று கடல் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவள், முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. மூத்தவளுக்கு இன்னும் வருகிறது, எனக்கு எப்போதோ போய்விட்டது.

தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்த அன்றே அவள் தலையில் கம்புக்கட்டு, இடுப்பில் குடம். முதுகு உலக்கை மாதிரி நேராக இருந்தது. நான் பாதிக்குடம் தூக்கவும் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கப்பல்ல வந்தவங்கதான் மூத்தவங்களா?" என்று கேட்டாள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பத்து நாள்கூட ஆகவில்லை, அக்கா மறுபடியும் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்தாள். "என்னக்கா இது, அதுக்குள்ளயா?" என்றேன்.

"அது இப்பல்லாம் நெனச்சா வருது. நடுவுல ஒரு வருசத்துக்கு மேல நின்னுதான் போச்சு. போன ஆடிக்கப்புறம் திரும்பி வந்துடுச்சுடி. வயசு திரும்புதுன்னு நெனச்சுக்கிட்டேன்." அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். திருச்சியில் லேடி டாக்டர் இருக்கிறார்கள், போகலாம் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"வந்ததுலேருந்து என் முதுகையே பாத்துக்கிட்டு இருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உனக்கு நின்னுபோச்சுன்னு எனக்கும் நிறுத்தப் பாக்குறியா?"

அவள் சொன்னதில் பாதி உண்மை.

"பொறாமைதான்க்கா" என்றேன். "உன் முதுகப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. நீ கொட்டகையில உக்காந்திருக்கறதப் பாத்துகூடத்தான். ஆனா இது திரும்பி வந்தது இல்ல. இது வேற. எனக்குன்னு நீ ஒருத்திதான் இருக்க."

அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "திருச்சிக்கு வண்டி எப்ப?" என்றாள்.

அக்காவின் கணவரான மாமாவிடம், அவளுக்கு வயிற்றில் கட்டி என்று மட்டும் சொன்னோம். அப்படித்தான் இருந்தது. கர்ப்பப்பைக்குள் புற்று வைக்கத் தொடங்கியிருந்தது. ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள் என்று சொல்லி லேடி டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார். மயக்கம் தெளிந்ததும் அக்கா என்னைத் தேடினாள்.

"இப்ப உனக்குத் திருப்திதானே? ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டோம்."

"நீ பொழச்சு எந்திரி, சண்டய அப்புறம் போடலாம்" என்றேன். அவள் என் முறிந்து கூடிய கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

ஒன்றாகிவிடவில்லை. தைமாதம் முடிவதற்குள் எழுந்து வரப்பில் நடக்கத் தொடங்கிவிட்டாள். சின்ன வயதிலிருந்து சுமையும் வெயிலும் ஏறிய எலும்பு. நான் கப்பலேறிய நாள் முதல் ஓட்டுவீட்டு நிழலில் தையல் மெஷினுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தவள். போகாமல் இங்கேயே இருந்திருந்தால் எனக்கும் அந்த முதுகு இருந்திருக்கும் என்று தோன்றும். போகாமல் இருந்திருந்தால் அந்த டாக்டரின் எச்சரிக்கை அக்காவின் காதுக்கு எட்டியே இருக்காது என்பதும் தோன்றும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் பழகவில்லை.

திரும்பும் நாளில் அக்காவே வண்டி கட்டிக்கொண்டு அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்தாள். "அங்கதான் போவணுமா? மாப்பிள்ளைய இங்க வரச் சொல்லேன்" என்றாள். பதில் சொல்வதற்குள் கார்டு விசிலடித்துவிட்டார். எனக்குக் கிடைத்த இடம் பின்பக்கம் பார்த்த பலகை. வண்டி கடலை நோக்கி முன்னால் போனது. என் முகம் மட்டும் ஊரைப் பார்த்தபடியே இருந்தது. பிளாட்பாரத்தில் அக்கா சின்னதாகிக்கொண்டே போனாள், கொஞ்சங்கூட வளையாமல். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அந்த முதுகைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.